சதுப்பு மான்களின் அகலம்

மண்டையோடுகள் சுருங்கிக்கொண்டிருந்தன. அதே சதுப்புநில மான்கள், அதே பெட்டிகள். ஆனால் அளக்கும்போதெல்லாம் அகலம் போன தடவையைவிடக் குறைந்தது. ஈர எலும்பு உலர்ந்தால் சற்றுச் சுருங்கும், சரி. குட்டியின் மண்டையும் கிழட்டுக் கடாவின் மண்டையும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அளவா சுருங்கும்?

ஆய்வாளருக்கு எரிச்சலாக வந்தது. அருங்காட்சியகத்தின் நிலவறையில் மழைக்காலம் முழுக்கச் சுவர் கசிந்து, பாசியும் பழைய எலும்பும் கலந்த வாடை அவர் படுக்கும் கட்டில்வரை ஊறியிருந்தது. மேலே போனால் முட்டாள்களோடு பேச வேண்டும். அதற்கு இதுவே மேல்.

மலைமானின் மண்டை ஒடுக்கமானது; புதருக்குள் புகுந்து ஓட அதுதான் வசதி. சதுப்பு மானுக்கு மண்டை அகலம். நாணலுக்குள் அசையாமல் நின்றே இருபுறமும் கவனிக்க, கண்கள் விலகிப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த அகலத்தைக் காட்டித்தான் அதைத் தனி உள்ளினம் என்று அவர் நிலைநாட்டினார். அறிவியல் பெயரின் வாலில் அவர் பெயர் இருந்தது. அது தனி உள்ளினம்தானா என்று மறுபடி பரிசீலிக்க நாளை குழு கூடுகிறது. அகலம் இல்லையென்றால் அந்தப் பெயரும் இல்லை.

குழுவைக் கிளப்பிவிட்டவன் அவர் மனைவியின் தம்பி. மாடியில் உட்கார்ந்து உயிருள்ள மான்களைப் பற்றி எழுதுகிறவன். “இனம் வேற இல்ல அத்தான், இடம்தான் வேற. மலைமான் குட்டியச் சேத்துல வளத்தா அதுக்கும் மூஞ்சி விரியும்” என்றான் எல்லார் முன்னாலும்.

“நீ காலம்பூரா நாற்காலியிலதான் உக்காந்திருக்க. உனக்கு நாலு கால் முளைச்சிடுச்சா?” என்று இவர் கேட்டதற்குச் சபையே சிரித்தது.

இப்போது அவன் குரல் படிக்கட்டிலிருந்து வந்தது. “அத்தான், இன்னைக்காவது வீட்டுக்கு வருவீங்களான்னு அக்கா கேக்குது.”

“வேலை இருக்கு.”

“காலிப்பரப் பித்தளைக் கட்டையில வச்சுச் சரிபாத்தீங்களா?”

“அதெல்லாம் உன்ன மாதிரி கத்துக்குட்டிங்களுக்கு.”

அவருக்குக் கட்டை தேவைப்பட்டதில்லை. வளர்ந்த மனிதனின் எலும்பு மாறாது. காலையில், மண்டைகளின் அகலம் அளக்கும் காலிப்பரின் இரு தாடைகளையும் தன் கண்களின் வெளியோரத்து எலும்பில் பொருத்தி, மனப்பாடமான அந்த எண்ணில் முள் நிற்கும்வரை திருகைத் திருப்புவார். முடிந்தது வேலை.

பேச்சோடு பேச்சாக விளக்கடிக்குத் திரும்பினார். வெளிச்சம் பட்ட அவர் முகத்தை மச்சினன் பார்த்தான். பின்னோக்கியே படியேறினான். மேலே கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ப்பாள்.

பயந்தாங்கொள்ளி.

இருந்தாலும் அந்தக் கேள்வி உறுத்தியது. இழுப்பறையைக் குடைந்து பித்தளைக் கட்டையை எடுத்தார். அதன் மேலேயே அதன் நீளம் பொறித்திருந்தது. காலிப்பரை வைத்தார். முள் குறைத்துக் காட்டியது. மண்டையோடுகள் எவ்வளவு சுருங்கினவோ, மிகச் சரியாக அவ்வளவு.

அப்படியானால் எலும்பில் பிழையில்லை. கருவியில் பிழை. கருவியைத் தினமும் எதை வைத்துச் சரிசெய்தார்?

மேசை ஓரத்தில் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அதன் கைகள் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்து. காதோரம் அழுத்துகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று என்றோ கழற்றி எறிந்தது.

பித்தளைக்குச் சரியாகத் திருகைத் திருப்பினார். தாடைகளைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனார். இடித்தன. இன்னும் விரித்தார். இன்னும்.

சுவரில் நீர் சொட்டியது. காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பவில்லை. ஆனாலும் படிக்கட்டு தெரிந்தது. மூடிய கதவு தெரிந்தது. அதே நேரத்தில் எதிர்ச் சுவரும்.

மண்டையோடுகள் சுருங்கவே இல்லை. அவர் முகம்தான் விரிந்துகொண்டிருந்தது.