ஒன்பதாவது ஓஸ்தி

காலை 7.25. மேஜையில் உறை இருந்தது. உறைக்குள் விமானச் சீட்டு இருந்தது. பாஸ்போர்ட் இல்லை.

இல்லத் தலைவியான மதர் உறையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு முறை உதறினார். மாணவியர் இல்லத்தின் மாடிக் கூடத்தில் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள்.

"ஆறு இருபதுக்கு நானே என் கையால வெச்சேன்" என்றார் மதர். "ஆறரைக்குப் பூசை. ஏழு இருபதுக்கு முடிஞ்சுது. நடுவுல மாடியில யாரு?"

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. படிக்கட்டின் ஓரத்தில், கையில் கரண்டியோடு, பிப்பெட் நின்றிருந்தாள்.

வேதியியல் இறுதியாண்டு. எதையும் சொட்டுச் சொட்டாக அளந்து பேசுவதால் அந்தப் பெயர். மெழுகுவத்தி, இருமல்காரி என்று அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தக் கத்தோலிக்க இல்லத்தில் எட்டுப் பெண்கள் வளாகத்துக் கோயிலில் பூசைக்குப் போகிறவர்கள். இவள் ஒருத்தி வேற்று மதம். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பலகாரம் இவள் பொறுப்பு.

"எங்கே இருந்தே?"

"சமையலறையில, மதர். முட்டை அவிச்சுக்கிட்டிருந்தேன்."

"பார்த்தவங்க யாரு?"

"முட்டைங்கதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

7.40. கீழே, விருந்தினரை உட்கார வைக்கும் சிறிய அறை. நாலு நாற்காலி, ஒரு சிலுவை, கம்பி போட்ட ஜன்னல். அந்த இல்லத்தில் மாடி அறைகளுக்குப் பூட்டே கிடையாது. ஒரே குடும்பம் என்பார் மதர். இந்த அறைக்கு மட்டும் பூட்டு உண்டு என்பது பிப்பெட்டுக்கு இன்றுதான் தெரிந்தது.

"பதினொரு மணிக்குக் கார் வருது" என்றார் மதர். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "சின்ன சிஸ்டர் இன்னைக்கு விமானம் ஏறணும். நாளைக்கு வெளிநாட்டுக் கன்னியர் மடத்துல பயிற்சி தொடங்குது. பத்தரைக்குள்ள பாஸ்போர்ட் வரலேன்னா, நீ சாயங்காலமே அறையைக் காலி பண்ணணும். உன் துறைக்கும் கடிதம் போகும்."

"அடுத்த திங்கள் எனக்குச் செய்முறைத் தேர்வு, மதர்."

"எடுக்கறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

"பூசை நடக்கும்போது வெளியே யாருமே வரலையா?"

மதர் கதவருகே நின்றார். "பிரசங்க நேரத்துல மூணு பேர். இருமல்காரி தண்ணி குடிக்க வந்தா."

"ஆமா, நான்தான் குடுத்தேன்."

"மெழுகுவத்தி தீப்பெட்டி எடுக்க வந்தா. சின்ன சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை எடுக்க மேல போனா. தன் பொருளைத் தானே யாரும் திருட மாட்டா. மத்த ரெண்டு பேரையும் எனக்குச் சின்னப் புள்ளையிலேருந்து தெரியும்."

என்னையும் மூன்று வருடமாகத் தெரியுமே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெளியே பூட்டில் சாவி திரும்பிவிட்டது.

8.10. ரொட்டியும் தேநீரும் கொண்டு வந்தவள் மெழுகுவத்தி. கோயிலில் விளக்கேற்றுவதும் பீடத்தைத் துடைப்பதும் அவள் வேலை.

"சாப்பிடுடி. எடுத்திருந்தா குடுத்துடு, என்கிட்ட குடு, நான் எங்கேயாவது கிடந்துச்சுன்னு சொல்றேன்."

"நான் எடுக்கலை."

"சரி. இன்னைக்கு முழிச்ச முகம் சரியில்லை. தீப்பெட்டியைக் காணோம், பாஸ்போர்ட்டைக் காணோம். போதாக்குறைக்கு நற்கருணையாக் குடுக்கற அப்பத்துல, அதான் ஓஸ்தி, ஒண்ணு மிச்சம். ஃபாதர் கடைசியில ரெண்டா உட்கொள்ள வேண்டியதாப் போச்சு."

பிப்பெட் தேநீரைக் கீழே வைத்தாள். "நீ எண்ணி வெக்கலையா?"

"நான் எதுக்கு எண்ணணும்? கோயில் வாசல்ல ஓஸ்திப் பெட்டியும் இடுக்கியும் இருக்கும். நற்கருணை வாங்கப் போறவங்க உள்ள வரும்போதே ஆளுக்கு ஒண்ணு பாத்திரத்துல எடுத்துப் போடுவாங்க. எட்டுப் பேர், மதர் ஒண்ணு, ஒன்பது. என்னைக்கும் மிஞ்சினதில்லை."

அவள் போனாள். மீண்டும் சாவி.

அதன் பிறகு நெடுநேரம் பிப்பெட் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். சுவரைப் பார்க்கப் பார்க்க அது நகர்ந்து வருவது போலிருந்தது. ஆய்வுக்கூடத்தில் குடுவையின் அடியில் ஏதாவது தங்கினால், சேர வேண்டிய ஒன்று சேரவில்லை என்று பொருள். ஒருத்தி ஆறரைக்கு மனதார ஓஸ்தி போட்டிருக்கிறாள். ஏழு மணிக்கு அதை வாங்கவில்லை. இடையில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

9.40. கதவு திறந்தது. வந்தவள் சின்ன சிஸ்டர். இன்னும் சிஸ்டர் ஆகவில்லை, வரலாறு படிக்கும் மாணவிதான். ஆனால் மடத்துக்குப் போகிறவள் என்று முதல் நாளிலிருந்தே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தாடையில் மிளகு அளவு மச்சம். பழுப்பு அட்டை போட்ட பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தாள். பாட்டுப் புத்தகங்கள் கோயில் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

"மதர்கிட்ட சொல்லிட்டேன், நீ எடுத்திருக்க மாட்டேன்னு. கேக்க மாட்டேங்கறாங்க."

"நாளைக்கு இந்நேரம் நீ மடத்துல இருக்கணும், இல்ல?"

"ம்."

"சந்தோஷமா?"

சின்ன சிஸ்டர் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

பிப்பெட் அந்தப் பழுப்பு அட்டையைப் பார்த்தாள். விடை தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. பேசினால் இவள் மாட்டுவாள். பேசாவிட்டால் மூன்று வருடப் படிப்பு தெருவில் நிற்கும்.

10.20. மதர் வந்தார். கையில் துறைக்கு எழுதிய கடிதம். பின்னாலேயே சின்ன சிஸ்டர், பாட்டுப் புத்தகத்தை அணைத்தபடி.

"சில கேள்வி மட்டும், மதர். மெழுகுவத்தியைக் கூப்பிடுங்க. சின்ன சிஸ்டர் இருக்கட்டும்."

மெழுகுவத்தி வந்து நின்றாள்.

"நற்கருணை குடுக்கும்போது நீதானே தட்டு பிடிக்கறே? யார் யார் வாங்கினாங்க?"

"முகத்தை யாருடி பார்த்தா? துணுக்கு விழக்கூடாதுன்னு தட்டையேதான் பார்ப்பேன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தாடைங்கதான். மத்தவங்க கண்ணை மூடி ஜெபத்துல இருப்பாங்க."

"இருமல்காரி?"

"வாங்கினா. தட்டு மேலேயே இருமிடுவாளோன்னு எனக்கு உசிரே போச்சு."

"நீ?"

"எல்லாருக்கும் முன்னாடி நான்தான்."

"பிரசங்கத்துல வெளியே போன மூணு பேர்ல ரெண்டு பேர் வாங்கியாச்சு. ஓஸ்தி போட்டுட்டு ஒருத்தர் வாங்காம இருக்கறதுன்னா என்ன காரணம்?"

"உடம்புக்கு முடியலேன்னா. இல்ல, மனசுல பாவம் இருந்தா. ஃபாதர்கிட்ட பாவத்தை ஒப்புக்கிட்டு பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்கக் கூடாது."

"கடைசிக் கேள்வி. இன்னைக்கு மச்சம் இருந்த தாடையைப் பார்த்தியா?"

மெழுகுவத்தி வாயைத் திறந்தாள். மூடினாள். மெல்லத் தலையைத் திருப்பிச் சின்ன சிஸ்டரைப் பார்த்தாள்.

"பொருளுக்குச் சொந்தக்காரின்னு நீங்க அவளை எண்ணவே இல்லை, மதர்" என்றாள் பிப்பெட். "உள்ள வரும்போது அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை. பிரசங்கம் கேக்கும்போது வந்திருக்கு. மேல போனா, எடுத்தா, திரும்பி வந்தா. ஒளிச்சு வெச்ச மனசோட நற்கருணை வாங்க அவளுக்குத் துணிவு வரலை. வேற யாராவது எடுத்திருந்தா மிச்சம் வந்திருக்காது. நல்லவ எடுத்ததால வந்துச்சு. பாட்டுப் புத்தகத்தோட அட்டையைக் கழட்டச் சொல்லுங்க."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்ன சிஸ்டரே அட்டையை உருவினாள். பாஸ்போர்ட் நாற்காலியில் விழுந்தது.

"உன் பேர் அடிபடும்னு நான் நினைக்கவே இல்லை" என்றாள் பிப்பெட்டைப் பார்த்து. "பதினொரு மணி தாண்டினதும் சொல்லிடலாம்னு இருந்தேன். கார் போனப்புறம்."

"ஏம்மா?" என்றார் மதர்.

"நான் வயித்துல இருக்கும்போதே அம்மா என்னை மடத்துக்குன்னு நேர்ந்துக்கிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை, மதர். ஒவ்வொரு தடவையும் யாராவது ஆசீர்வாதம் பண்ணிடறாங்க."

வெளியே கார் வந்து நின்றது. இன்னும் நேரமிருந்தும் டிரைவர் ஒரு தடவை ஒலிப்பானை அழுத்தினார்.

"நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா, மதர்?" என்றாள் பிப்பெட். "போறியான்னு?"

மதர் கையிலிருந்த கடிதத்தை நாலாக மடித்தார், பிறகு கிழித்தார்.

"கேக்கணும்னே தோணலைம்மா. என்கிட்டயும் யாரும் கேக்கலை."

வாசலுக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் பிப்பெட்டின் முன் நின்றார். "உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். முதல்ல இவ வேலை முடியட்டும்." எல்லாரையும் அலுவலக அறைக்கு அழைத்துப் போய்த் தொலைபேசியைச் சின்ன சிஸ்டர் பக்கம் நகர்த்தினார்.

"அம்மாகிட்ட நீதான் சொல்லணும். நான் பக்கத்துலயே இருக்கேன்."

அவள் எண்களை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான்தான்" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வர ஒரு முழு நிமிடம் ஆயிற்று. அந்த நிமிடத்தில் அவளுக்காக யாரும் பேசவில்லை.