கிளுவைத் துளிர்

அஸர் தொழுதுவிட்டு எழும்பிய சபூராவின் மூக்கில் வெங்காயம் தாளிக்கிற வாசம் ஏறியது. அடுப்போ அணைந்து கிடந்தது. வாசம் வெங்காயத் தோட்டத்துப் பக்கமிருந்து, உப்புக் காற்றோடு கருகலாக வந்தது. லேசர் மெஷின் களையைத்தானே சுட வேண்டும்!

ஒளியாலேயே களையின் குருத்தைப் பொசுக்கும் அந்த மெஷினை மாம்புரி ஊரில் இறக்கியவர் முபாரிஸ் முதலாளி. களை பிடுங்கிய இருபது பெண்களுக்கும் ஒரே நாளில் வேலை போனது. சபூரா மட்டும் மிஞ்சினாள். போனில் வரும் படங்களில் எது பயிர், எது களை என்று தொட்டுக் காட்டி மெஷினைப் பழக்க வேண்டும். கூட்டாளிமார் வயிற்றில் அடிக்கிற வேலைதான். செய்தாள்.

ஒரு துளிருக்காகச் செய்தாள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த வருடம் இந்தத் தோட்டம் அகதி முகாமுக்குப் பின்னாலிருந்த பற்றைக் காடு. பிறந்த அன்றே மவுத்தான அவளுடைய மகளை இங்கேதான் அடக்கினார்கள். தலைமாட்டில் மீசானாக, கப்றுக்கு அடையாளமாக, ஒரு பச்சைக் கிளுவைக் கம்பை நட்டார்கள். பிறகு காணி கைமாறியது, கம்பையும் வெட்டி எறிந்தார்கள். வேர் மட்டும் விரல் நீளத்துக்குத் துளிர்த்துக்கொண்டே இருந்தது. அதன் படம் வரும்போதெல்லாம் சபூரா 'பயிர்' என்று தொட்டாள்.

அவள் ஓடி வந்தபோது முபாரிஸ் வேலியோரம் வெளிறிப்போய் நின்றார்.

"ராத்தா, என்னத்தக் காட்டிக் குடுத்தீங்க இதுக்கு? வெங்காயத்தயெல்லாம் சுடுது!"

"நிப்பாட்டுங்க தம்பி!"

"நிக்குதில்ல."

துளிர் இருக்கிறதா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. செருப்பைக் கூடப் போடாமல் உள்ளே இறங்கினாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, புகை கண்ணைக் கரித்தது, தூரத்தில் மெஷின் டிக் டிக்கென்று ஊர்ந்துகொண்டிருந்தது, அது போன வழியெல்லாம் வெங்காயத் தாள் சாம்பலாகக் கிடக்க, சாம்பலுக்கு நடுவே சின்னச் சின்னதாய் என்னவோ முளைத்து நின்றது. துளிர்தான். ஒன்றல்ல. பாத்தி பாத்தியாக.

குனிந்தாள்.

இலை இல்லை. வெளிர் சிவப்பு நிறம். நுனியில் நகம்.

"யா அல்லா..."

அந்த வருடம் முகாமில் மவுத்தானது அவளுடைய பிள்ளை மட்டுமா?

மெஷின் திரும்பியது. ஒளி அந்த விரல்களைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனது. எவ்வளவு பக்குவமாக! அவள் பழக்கியபடியே.

ஓட நினைத்தாள். முடியவில்லை. பிறந்த பிள்ளை பிடிக்கிற பிடியில் ஒரு குட்டிக் கை அவளுடைய கால் பெருவிரலைப் பிடித்திருந்தது. உதற மனம் வரவில்லை.

ஒளி, அவள் ஒருநாளும் 'பயிர்' என்று தொட்டுக் காட்டாத அவள் பாதத்தில் வந்து நின்றது.