மிச்சப் பாதி

ராயபுரத்தில் அந்த மாடி வீட்டை லியோனார்ட் வாடகைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே சத்தமில்லை. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு. சாயங்காலம் ஒரு வாரப் பத்திரிகைக்குப் பேய்த் தொடர்கதை. மனைவி ஆலிஸ் தலைப்பிரசவத்துக்கு எண்ணூரிலுள்ள தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தையோடு அவள் திரும்புவதற்குள் தொடரை முடித்துவிடுவதாகச் சவால் விட்டிருந்தான்.

சவால்தான் விட்டான். எழுத்து வரவில்லை.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பேய்க்கதைகளை ஒன்றுவிடாமல் படித்தான். விளக்கை அணைக்கப் பயந்ததுதான் மிச்சம். அவற்றில் ஒன்றின் முன்னுரையில் ஒரு யோசனை கிடைத்தது. எழுத்தை நிறுத்தும்போது வரியைப் பாதியில் விட்டுவிட வேண்டுமாம். மறுநாள் அது தானாக இழுத்துக்கொண்டு போகுமாம்.

எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது அவன் வழக்கம். அன்றும் படித்தான். கடைசி வரியைப் பாதியில் விட்டான்.

"கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன்..."

"தண்ணீரில் தன் முகத்தைக் காணவில்லை."

பக்கத்து அறையிலிருந்து வந்தது. பெண் குரல். படுத்துக்கொண்டே பேசுவதுபோல் மெதுவாக. கூடவே மருந்தெண்ணெய் வாடை.

அந்த அறையில் யாருமில்லை.

தெருவுக்கு ஓடிவிடலாமா என்று எழுந்தான். ஆனால் எழுதுகிறவன் புத்தி நாய் வால் அல்லவா? நல்ல வரி என்று எழுதி வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு பேனா நிற்கவில்லை. மறுநாளும் பாதியில் விட்டான். மறுநாளும் பதில் வந்தது. பயம் ஒரு பக்கம் இருக்க, தொடர் தன் பாட்டுக்கு ஓடியது.

ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகுதான், கீழ்வீட்டுச் சொந்தக்காரி சிலுவையம்மாளிடம் மெல்லக் கேட்டான், மாடியில் முன்பு யார் இருந்தார்கள் என்று.

"எங்க நாத்தனா ஞானம். படுத்த படுக்கையா கெடந்துச்சு. சாயங்காலம் நாங்க கீழ ஜெபமாலைல மொதப் பாதி சொன்னா, மிச்சப் பாதிய அது மேலேர்ந்து சொல்லும். ஒரு நாள் தப்பாது." சிலுவை போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பெத்தது ஒண்ணும் தங்கல நைனா அதுக்கு. யார் வூட்டுப் புள்ளயப் பாத்தாலும் குடு குடுன்னு கைய நீட்டும். நாங்க குடுக்க மாட்டோம். அந்த ஏக்கத்துலயே செத்துப் பூட்ச்சு."

லியோனார்டும் ஜெபமாலை சொல்லும் வீட்டில் வளர்ந்தவன்தான். ஒருவர் பாதியில் நிறுத்தினால் மற்றவர் முடிக்க வேண்டும். தினமும் பாதியில் நிறுத்தி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இனி ஒரு வரியையும் முடிக்காமல் விடுவதில்லை என்று தீர்மானித்தான்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலிஸ் வருவதாக ஏற்பாடு. அன்று காலை அந்தச் சந்தோஷத்தில் கடைசி அத்தியாயத்தை எழுதி, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.

"குழந்தையோடு படியேறி வந்தவள்..."

"தண்ணி வந்துகினு கீதுப்பா! வாளிய எடுத்துகினு ஓடியா!" கீழிருந்து சிலுவையம்மாள் கூவினாள்.

குழாய் நின்றுவிட்டால் நாளை வரை தண்ணீர் கிடையாது. வாளியோடு பின்பக்கப் படியில் இறங்கி ஓடினான். நடுப்படியில்தான் உறைத்தது.

வரியை முடிக்கவில்லை.

மேலே குரல் கேட்டது. இந்தத் தடவை அது கதைத் தமிழில் பேசவில்லை.

"புள்ளய எங்கிட்ட குடுத்தா."

வாளியைப் போட்டுவிட்டு மேலே ஓடினான். தெருப்பக்கப் படியேறி வந்திருந்த ஆலிஸ், பக்கத்து அறையிலிருந்து வெளியே வந்து, அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

கையில் குழந்தை இல்லை.

"புள்ள எங்க?"

"உள்ள படுத்துகினு இருக்காங்களே, அந்தக்கா வாங்கிக்கினாங்க. வழியெல்லாம் ஒரே கத்தல். அவங்க தொட்டதும் கப்சிப். யாருங்க அவங்க?"

பக்கத்து அறை வாசலில் போய் நின்றான். சன்னல் சாத்தியிருந்ததால் உள்ளே இருட்டாக இருந்தது. குழந்தை மூச்சு விடும் சத்தம் கேட்டது. குழந்தை தெரியவில்லை.

"அப்பங்காரன் கைய நீட்டுனான்," என்றது குரல். "நான் புள்ளய..."

நிறுத்தியது.

மிச்சத்தை அவன் சொல்ல வேண்டும். திருப்பிக் குடுத்தேன். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"நான் புள்ளய..."

குழந்தையின் மூச்சு இப்போது இன்னும் தள்ளிக் கேட்டது. அந்த அறைக்கு அவ்வளவு நீளம் கிடையாது.

"இன்னாங்க, சொல்லுங்களேன்," என்றாள் ஆலிஸ், பின்னாலிருந்து.

அவன் உதடு அசைந்தது. குரல் வரவில்லை.

உள்ளே அவள், கொஞ்சமும் அவசரமில்லாமல், முதல் பாதியை மறுபடி சொன்னாள்.