காற்றுத்துளையில் ஒரு காலுறை

குளியலறைக் காற்றுத்துளையில் மறுபடியும் அந்தச் சிவப்புக் காலுறை திணிக்கப்பட்டிருந்தது. காலையில்தான் கெரார்ட் அதைப் பிடுங்கித் தெருக்குப்பையில் போட்டிருந்தான். இப்போது மணி நான்கு. சன்னலுக்கு வெளியே போலந்தின் சிலேசியாவின் பிப்ரவரி இருட்டு கரிப்புகையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

"த்ரூடா, ஏன் திரும்ப அடைச்ச?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "நான் அடைக்கல. ஹான்காதான் குளிருதுங்கறா."

ஹான்கா அவர்களுடைய ஒரே மகள். ஒன்பது வயது. அவள் இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

குளியலறைகளில் வெந்நீர் போடும் எரிவாயு பாய்லர்களின் புகைக்குழாயைச் சுத்தம் செய்து சரிபார்ப்பது கெரார்டின் தொழில். புகைக்குழாய்க்காரனைக் கண்டால் நல்லது நடக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. கறுப்புச் சட்டையில் அவன் தெருவில் நடந்தால், அதிர்ஷ்டம் வருமென்று எதிரே வருபவர்கள் தங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வார்கள். குளிருக்குப் பயந்து காற்றுத்துளையில் துணி அடைக்காத வீடே அந்தத் தெருவில் இல்லை. போகிற வீட்டிலெல்லாம் திட்டித் திட்டிப் பிடுங்குவான். அன்று தன் வீட்டில் த்ரூடா அடைத்ததையும் பார்த்தான். பிள்ளை குளித்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். காற்றில்லாமல் பாய்லர் திணறியது. குழாயில் ஏற வேண்டிய புகை அறைக்குள்ளேயே திரும்பியது. மணமே இல்லாத விஷவாயு, தலைவலியில்தான் தொடங்கும். கன்னம் சிவக்க, தூங்குகிறவள்போல் தொட்டியில் கிடந்தாள் ஹான்கா. இப்போதெல்லாம் அவனைக் கண்டால் யாரும் பொத்தானைத் தொடுவதில்லை.

"கோட்டை மாட்டிக்கோ. அக்கா வீட்டுக்குப் போயிடலாம். இன்னிக்கே."

"ஊரையெல்லாம் திட்டத் தெரியுது உனக்கு. பொண்ணை ஈரத்தோட விட்டுட்டு வரச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?"

மகளைத்தான் காப்பாற்றவில்லை, இவளையாவது இந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்விட வேண்டும்.

ஹான்காவின் அந்தக் காலுறையைத் தொட்டான். அப்போதுதான் காலிலிருந்து கழற்றியதுபோல் சூடாக இருந்தது. பாய்லரை அவனே பெயர்த்து எறிந்திருந்தான், சுவரில் ஆணித் துளைகளும் சிமெண்ட் பூசிய வட்டமும் தவிர எதுவுமில்லை, ஆனாலும் அந்த வெற்றுச் சுவரிலிருந்து தீ பற்றுகிற சத்தம் 'வுப்' என்று எழுந்தது, பின்னாலேயே மெல்லிய இரைச்சலும், காய்ந்த தொட்டியில் வெந்நீர் விழும் ஓசையும், பிள்ளைகளுக்குப் போடும் சோப்பின் வாசனையும்.

இழுத்தான். பின்னால் இன்னொரு காலுறை. அதன் பின்னால் இன்னொன்று. தலை வலித்தது.

இந்த வலி எதனால் வருமென்று அவனுக்குத் தெரியும்.

சன்னலைத் தள்ளித் திறந்தான். "த்ரூடா!"

சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்குப் போனான். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோட்டை மாட்டியிருந்தாள். வருவதற்குத்தான் கிளம்பியிருக்கிறாள்.

கன்னங்கள் சிவந்திருந்தன.

மூக்கருகே விரல் வைத்தான். மூச்சில்லை.

அவள் மடியில் பெரிய துவாலை ஒன்று, ஒரு குழந்தையின் அளவுக்குச் சுற்றப்பட்டிருந்தது. அதிலிருந்து வெந்நீர் சொட்டியது. ஆவி பறந்தது.

துவாலை மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.