சைலன்சரில் வைத்த துணி

காற்று பட்டறைக்குள்ளிருந்து தெருப்பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது. ஆனால் பிக்கப் வண்டியின் புகை மட்டும் வெளியே போகாமல், தரையோடு ஊர்ந்து வண்டிக்கு அடியிலேயே திரும்பிப் போனது. மெக்கானிக்கின் கண்ணில் பட்ட முதல் கோளாறு அது. கறுப்பென்றால் டீசல் அதிகம், நீலமென்றால் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் தண்ணீர் இறங்குகிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இது வெள்ளை. ஆனால் அடித்தது தைல வாசம், இளைப்பு வரும்போது அவர் மனைவி நெஞ்சில் தடவிக்கொள்ளும் அதே தைலம்.

அவர் கீழே இறங்கியதும் மனைவி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்திருந்தாள். மத்தியானத்திலிருந்து மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நேரத்தில்தான் வண்டி புகை கக்கியது.

“உன்னால ஆக்சிலேட்டர் மிதிக்க முடியுமா?”

“காலுக்கு என்ன கேடு? ஊரு வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்க, நம்ம வண்டி என்னைவிட மோசமா இருமுது.”

அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் குந்தி, கிழிந்த பனியன் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்தார். வால்வு கருகியிருந்தால் புகை தள்ளும்போதே துணி நடுநடுவே உள்ளே இழுபடும். இழுபட்டது. அப்பாடா, வால்வுதான். வண்டியை நம்ப முடியாது, வாடகைக் கார் கூப்பிட்டுவிடலாம் என்று நினைத்தார்.

“ஆஃப் பண்ணும்மா.”

எஞ்சின் குலுங்கி நின்றது. தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

துணி வெளியே உப்பியது. மெதுவாக உள்ளே போனது. மறுபடி உப்பியது. ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் மெல்லிய விசில் சத்தம். கல்யாணமான நாள் முதல், பக்கத்தில் படுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம்.

“ஏம்மா... எப்படி இருக்கு உனக்கு?”

“என்ன மாயமோ தெரியலைங்க. நெஞ்சு லேசாயிடுச்சு. இளைப்பே இல்ல.”

பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். தெளிந்த முகம். ஆனால் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

விசில். துணி உப்பியது. விசில்.

பயத்தில் அவருக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அந்தச் சத்தம் நின்றால் போதும். துணியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, கட்டைவிரலால் அழுத்தினார்.

சத்தம் நின்றது.

முன்னால் கதவுக் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். படபடவென்று. பக்கக் கண்ணாடியில் அவள் வாய் அகலத் திறந்திருந்தது. கண்கள் பிதுங்கின. ஒரு கை தொண்டையில்.

ஐயோ. அவர் துணியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

காலைப் பம்பரில் உதைத்து, இரண்டு கையாலும் இழுத்தார். உள்ளேயிருந்தும் இழுத்தது. கண்ணாடியில் தட்டுவது மெதுவானது. கிரீஸ் கையில் துணி வழுக்கியது. நுனி மட்டும் விரலில் நின்றது.

பிறகு அதுவும் உள்ளே போனது.