விழுங்கிய வரி

அந்தச் சனிக்கிழமை காலை வெல்வெல் யூத ஜெப ஆலயத்துக்குக் கிளம்பினான். யூத வேதமான தோராவின் சாபப் பகுதியை வாசிக்கிற வாரம் அது. வாசிப்பவன் அவன். மனைவி ஷிஃப்ராவுக்கோ எட்டாம் மாதம். முன்பு இரண்டு கருக்கள் கலைந்து போயிருந்தன.

"தப்பில்லாம படிங்க" என்று அவள் வயிற்றைத் தடவிச் சிரித்தாள். "பொறக்கிற வரைக்கும் தேவதூதன் உள்ளேயே தோரா முழுக்கச் சொல்லிக்குடுப்பானாமே. உங்க புள்ளை கேட்டுக்கிட்டிருப்பான்."

அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் ஊரில் இருந்த அந்தப் பழைய ஆலயத்தில் ஈரச்சுவரின் வாடை எப்போதும் போகாது. மேடையின் இடப்பக்கம் நப்தலி, பிழை திருத்துவதற்காக அச்சுப் புத்தகத்தோடு நின்றார். வலப்பக்கம் காலி. நாற்பது வருடம் அங்கே நின்ற கெட்சல், பஸ்கா பண்டிகை முடிந்த கையோடு போய்ச் சேர்ந்திருந்தார். எப்போதும் மூக்குப்பொடி மணக்கும் மனிதர்; ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டார். திரும்பப் பாடினால்தான் அடுத்த வரி.

"சாபம் வாசிக்கிறப்ப பக்கத்துல வந்து நிக்க எவன்டா மேடை ஏறுவான்? நீயே நின்னுக்கோ தம்பி" என்று நப்தலி கிசுகிசுத்தார். "எனக்குக் காது மந்தம். சட்டுனு முடி."

சாபங்களைத் தணிந்த குரலில் ஓட்டமாகப் பாடுவது வழக்கம். அந்தத் தைரியத்தில்தான் வெல்வெல் அதைச் செய்தான். கர்ப்பத்தின் கனியைச் சபிக்கும் வரி வந்ததும் உதட்டை மட்டும் அசைத்து விழுங்கிவிட்டு, அடுத்ததற்குத் தாவினான்.

வலப்பக்கமிருந்து அந்த வரி வந்தது.

கரகரத்த குரல். ராகம் துளியும் பிசகவில்லை.

திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. நப்தலி பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மறுபடியும் அதே வரி, காதோரத்தில். கூடவே மூக்குப்பொடி வாடை.

திரும்பப் பாடித் தொலைத்திருக்கலாம். பிறக்கப்போகும் பிள்ளையைத் தன் வாயாலேயே எப்படிச் சபிப்பான்? அந்த ஒரு வரியைத் தவிர எல்லாவற்றையும் பாடி முடித்தான்.

"பிரமாதம்டா!" நப்தலி கை குலுக்கினார். "கெட்சல் இருந்திருந்தாக்கூடக் குத்தம் கண்டுபிடிச்சிருக்க மாட்டான்."

வெல்வெல் வீட்டுக்கு ஓடினான். ஷிஃப்ரா முகம் வெளிறிச் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"பதினோரு மணியிலேர்ந்து அசையவே இல்லைங்க."

மேடையில் அவன் அந்த வரியை விழுங்கிய நேரம்.

மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான். ஒன்றுமில்லை.

"ஏதாவது கேக்குதா?"

கேட்டது.

வெகு ஆழத்தில், மெல்லிய பிஞ்சுக் குரலில், அந்த வரி. ராகம் பிசகாமல்.

பாடி நிறுத்திவிட்டு, அவன் திரும்பப் பாடுவதற்காக அது காத்திருந்தது.