அண்ணியின் ஓட்டம்

"வந்துட்டாங்க சீமாட்டி! எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிடுங்க!"

மூச்சிரைக்க மொட்டைமாடி ஏறிவந்த மருமகளைப் பார்த்ததும் கிழவி சிவப்பு ரப்பர் கையுறைகளைக் கழற்றித் தரையில் அடித்தாள்.

சுற்றிலும் கூடை கூடையாக உப்பில் ஊறிய நூறு கோஸ்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்கும், கீழே இருக்கும் நூடுல்ஸ் கடைக்கும் வேண்டிய கிம்ச்சி ஊறுகாயை அன்றைக்கே போட்டாக வேண்டும். சியோலில் எந்த மருமகளும் கிம்ச்சி போடுகிற நாளில் வாசற்படி தாண்டமாட்டாள். கும்ஹீயோ இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து நின்றாள்.

"அத்தை... கோஸ் அத்தனையும் கழுவி, வடியவச்சுட்டுத்தானே போனேன்..."

"கழுவிட்டா ஆச்சா? முள்ளங்கியை யாரு சீவறது? இந்த முட்டி வலியோட நானா சீவறது? நாப்பத்தெட்டு வயசுல என்னடி ஓட்டம்? போலீஸ் துரத்துதா?"

மிளகாய்ப்பொடி கலக்க வந்திருந்த எதிர்க்கடை ஓக்ஜா களுக்கென்று சிரித்தாள். கும்ஹீயின் கணவன் தேக்சூ, வழக்கம்போலக் காது கேளாதவன் மாதிரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

பத்து மாதமாக இதே பாட்டுதான். பனி விலகாத ஒரு விடியற்காலையில் அவள் முதன்முதலாக ஜுங்னாங் ஓடைக்கரையில் ஓட இறங்கினாள். அன்றைக்கு முதல் பாலத்தைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அடுத்த வாரம் இரண்டாவது பாலம். மழைக்காலம் வருவதற்குள் ஓடை ஹான் ஆற்றில் கலக்கும் இடம்வரை போய்த் திரும்பினாள். ஓடி வந்து குளித்த கையோடு கடைக்கு மாவு பிசைவாள். ஏன் ஓடுகிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உடம்புக்கு நல்லதாம்" என்ற ஒரே பதில்தான்.

"உடம்புக்கு நல்லதாம்!" கிழவி பழித்துக் காட்டினாள். பிறகு படியோரத்து அறையின் சாத்திய கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள ஒருத்தி கண்ணை இழந்துட்டு உக்காந்திருக்கா. ஓட்டம்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தாலே சோத்தைத் தள்ளிவச்சுடறா. அவளுக்குக் கேக்கற மாதிரி தினம் ஷூ மாட்டிக்கிட்டுப் போறியே... நீ மனுஷிதானா?"



உள்ளே இருந்தவள் நாரே, தேக்சூவின் தங்கை. ஒரு காலத்தில் நகரத்து அணிக்காக மாரத்தான் ஓடியவள். நான்கு வருடம் முன்பு ஒரு நோய் அவள் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகும் ஓட நினைத்தாள். துணைக்கு ஓடுவதாகச் சொல்லி ஒரு பெண் வந்தாள். மூன்றே வாரத்தில் நின்றுவிட்டாள். இன்னொருத்தி ஒன்றரை மாதம் தாக்குப்பிடித்தாள். அவளும் போன அன்றைக்கு நாரே தன் ஓட்டக் காலணிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, "இனிமே இந்த வீட்டுல யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சொல்லக்கூடாதுன்னுதான் பாத்தேன்..." ஓக்ஜா மெதுவாக ஆரம்பித்தாள். "போன சனிக்கிழமை ஓடைக்கரையில இவளைப் பாத்தேன். கூட ஒரு ஆம்பளை! ரெண்டு பேரும் கையோட கையைக் கயித்தால கட்டிக்கிட்டு... ஒட்டி ஒட்டி ஓடறாங்க!"

கிழவியின் வாய் திறந்தபடியே நின்றது. தேக்சூவின் கையிலிருந்து பூண்டு உருண்டது. இருபத்தைந்து வருடத்தில் எந்தச் சண்டையிலும் வாயைத் திறக்காதவன் அன்றைக்குத் திறந்தான்.

"யாரு அந்த ஆளு?"

கும்ஹீக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியார் திட்டியதெல்லாம் தோலோடு போயிற்று. இந்த மூன்று வார்த்தை எலும்பில் இறங்கியது.

"இத்தனை வருஷம் என் பக்கமா ஒரு வார்த்தை பேச வராத வாய்... இதுக்கு மட்டும் வருதா? நல்லா இருங்க! கேளுங்க, இன்னும் கேளுங்க!"

"கயிறு எவ்வளவு நீளம்?"

எல்லோரும் திரும்பினார்கள். சாத்திய கதவு திறந்திருந்தது. நாரே நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்களைத்தான் கேக்கறேன், ஓக்ஜா அக்கா. எவ்வளவு நீளம்?"

"ஒ... ஒரு சாண், ஒன்றரைச் சாண் இருக்கும்..."

"அந்த ஆளு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரா?"

"ஆமா! விடிஞ்சும் விடியாம எவன் கறுப்புக் கண்ணாடி போடுவான்? மூஞ்சியை மறைக்கத்தானே!"

நாரேயின் முகம் கோணிக்கொண்டு போனது.

"அம்மா... அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாது."

ஓக்ஜா தொலையாத கையுறையைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"சொக் ஐயான்னு பேரு," கும்ஹீ களைத்த குரலில் சொன்னாள். "அறுபத்தாறு வயசு. பஸ் ஓட்டினவர். கண்ணு தெரியாதவங்க கூட எப்படி ஓடணும்னு அவர்கிட்டதான் கத்துக்கறேன். கூட ஓடறவங்க அவங்களைவிட வலுவா இருக்கணுமாம். நாரே வேகத்துக்கு நான் எங்க... அதான் முப்பது கிலோமீட்டர் ஓடற அளவுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இன்னிக்கு இருபத்தெட்டு வந்துச்சு."

"யாரைக் கேட்டு செஞ்சீங்க?" நாரே வெடித்தாள். "நான் கேட்டேனா? ஒவ்வொருத்தியா வந்து ஆசை காட்டிட்டுப் போனது போதாதா? மூணாவதா நீங்களும் நின்னுட்டா நான் என்ன செய்ய, அண்ணி?"

"நான் எங்கடி போவேன்?" கும்ஹீயும் கத்திவிட்டாள். "இந்த வீட்டுலதானே கிடக்கறேன்! உங்க அம்மா பேச்சைக் கேட்டே போகாதவ... ஓட முடியலைன்னா மட்டும் போயிடவா போறேன்?"

நாரே கைகளை நீட்டிக்கொண்டு வந்தாள். கோஸ் கூடையில் இடித்துத் தடுமாறியவளைக் கும்ஹீ பிடித்துக்கொண்டாள். வியர்வையில் நனைந்த அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து, நான்கு வருடமாக அழாத அழுகையெல்லாம் நாரே அழுதாள்.

கிழவி தள்ளாடி வந்து கும்ஹீயின் காலடியில் உட்கார்ந்தாள். "உக்காருடி முதல்ல... காலைக் காட்டு" என்று காலுறையை உருவினாள். பெருவிரல் நகம் கறுத்துப் பாதி பெயர்ந்திருந்தது.

"அடிப் பாவி! சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"சொன்னா அவ காதுக்குப் போகும், அத்தை. பாதியில முடியாமப் போயிருந்தா...?"

"பத்து மாசமா என் நாக்கை இப்படி அவுத்து விட்டுட்டியே... மனுஷியான்னு வேற கேட்டேனே..." கிழவி அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"நான் கேட்டது தப்பு," என்றான் தேக்சூ.

"தப்புதான். போய் முள்ளங்கியைச் சீவுங்க."

அவன் போய்ச் சீவினான்.

அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் இரண்டு பெண்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் இறங்கினார்கள். நாரே காலில் புதுக் காலணிகள். குளிரில் மூச்சு புகையாகப் போனது.

"அண்ணி! பள்ளம்னா பள்ளம் வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். விழுந்தப்புறம் சொல்றதுக்கு நீங்க எதுக்கு?"

"சொல்றதுக்குள்ள நீ பறக்கறியே!"

"இது பறக்கறதா? ஆமை கூட நம்மளைத் தாண்டிப் போகும். கையை ஆட்டுங்க. ரெண்டு பேர் கையும் சேர்ந்து ஆடணும். ஐயோ, அந்தக் கை இல்ல, இந்தக் கை!"

முதல் பாலம் போனது. மூன்றாவது பாலமும் போனது. அதற்குப் பிறகு திட்டு குறைந்தது; இருவர் காலடியும் ஒரே சத்தமாகக் கேட்கத் தொடங்கியது. நாரே முகத்தை நிமிர்த்தி, எதிர்க்காற்றை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி தானாகவே வேகத்தைக் கூட்டினாள். இழுபடாமல் கும்ஹீயும் கூட்டினாள். இந்தப் பெண் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று! கும்ஹீ மறுகையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, அழறீங்களா?"

"இல்லையே..."

"கயிறு நடுங்குதே. அழறதுன்னா ஓடி முடிச்சுட்டு அழுங்க. மூச்சு தப்பிடும்."